மடிக்கணினிக்குள் ஏறிய பறை: இணைந்த இசைப் பயணங்களும் உரிமைக் கேள்வியும்

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சங்ககிரியையும் பவானியையும் கடந்தால் பெருந்துறை. சிப்காட் தொழிற்பேட்டையும், பொறியியல் கல்லூரியும், அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து ஆயிரக்கணக்கான இளைஞர்களை ஓரிடத்தில் திரட்டி வைத்திருக்கும் ஊர் இது. ஆயினும், புதிய பாடல்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் இளம் இசைக் கலைஞர்களின் பயணத் திட்டத்தில் சென்னைக்கு அடுத்த நிறுத்தம் பெரும்பாலும் கோயம்புத்தூராகவே இருக்கிறது. ஒலிக்கருவிகள் ஏற்றிய வண்டி பெருந்துறையைக் கடந்து போய்விடுகிறது.

மடிக்கணினியில் இசை தயாரிக்கும் இளைஞர்கள் மூவர் நால்வராகச் சேர்ந்து, தத்தம் புதிய வெளியீடுகளை ஒரே பயணத்தில் அறிமுகப்படுத்தும் முறை உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. தமிழகத்திலும் திரைப்படத்தைச் சாராத இசைக்கு இது ஒரு வழியாக உருவாகி வருகிறது. இதைப் பொழுதுபோக்குச் செய்தியாக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட முடியாது என்று நாம் கருதுகிறோம். ஏனெனில் இன்று இந்த இசையின் அடித்தளத்தில் ஒலிப்பது பெருமளவில் நம் மக்களின் தோற்கருவிகள். பறையின் ஒலி எந்த அரங்கத்துக்குள்ளும் தடையின்றி நுழைகிறது. பறையை அடித்தவரின் பெயரும், அவருக்குரிய பங்கும், அவர் நிற்க வேண்டிய மேடையும் அதே வேகத்தில் உள்ளே வருவதில்லை. இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது, இணைந்த பயணங்கள் அதைக் குறைக்க உதவுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புரொடியூசர் என்பவர் யார்?

திரையுலகில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். எலக்ட்ரானிக் இசையில் புரொடியூசர் என்பவர் இசையை உருவாக்குபவர். தாளத்தை அமைப்பது, ஒலிகளைத் தேர்வது, அடுக்குவது, கலப்பது ஆகிய அனைத்தையும் அவரே கணினியில் செய்கிறார். தமிழில் கணினி வழி இசைக்கோப்புக்குத் தொடக்கப் புள்ளியாகப் பலரும் சுட்டுவது 1986இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா அமைத்த இசையை. அன்று அதற்குப் பெரிய கூடமும் விலையுயர்ந்த கருவிகளும் தேவைப்பட்டன. இன்று ஒரு பழைய மடிக்கணினியும் நல்ல ஹெட்போனும் இருந்தால் காலனி வீட்டின் ஓர் அறையிலேயே முழுப் பாடலையும் முடித்துவிடலாம். சபாக்களும் ஸ்டுடியோக்களும் கேட்ட நுழைவுச்சீட்டை இந்தத் தொழில்நுட்பம் ஓரளவு செல்லாததாக்கியிருக்கிறது.

ஆனால் பாடலை உருவாக்குவது எளிதான அளவுக்கு அதனால் பிழைப்பது எளிதாகவில்லை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்களில் ஒருமுறை கேட்கப்படும் பாடலுக்குக் கிடைப்பது மிகச் சிறிய தொகை. அதுவும் இடையில் இருக்கும் நிறுவனங்களைக் கடந்தே கலைஞரின் கைக்கு வருகிறது. ஆகவே, புதியவருக்கு வருமானத்தைத் தரக்கூடியதாக எஞ்சி நிற்பது மேடைதான். தனி ஒருவருக்காக ஒலி அமைப்பு, ஒளி, இடவாடகை, வண்டி ஆகிய அனைத்தையும் ஏற்பாடு செய்தால் கைக்காசு கரையும். நான்கு பேர் சேர்ந்தால் ஒரே வண்டி, ஒரே ஒலி அமைப்பு, ஒரே சுவரொட்டி போதும். ஒருவரைக் கேட்க வந்தவர்கள் மற்ற மூவரையும் கேட்டுச் செல்கின்றனர். அன்றே வெளியான ஆல்பம் அன்று இரவே பலரின் கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர்கிறது. இணைந்த பயணத்தின் பொருளியல் இவ்வளவே. அதன் அரசியலோ, வண்டி எந்த ஊரில் நிற்கிறது, மேடையில் யார் ஏறுகிறார், வரவு எப்படிப் பிரிகிறது என்பவற்றில் இருக்கிறது.

ஒரு பேருந்தும் துப்பாக்கிக் குண்டுகளும்

இந்த வடிவத்துக்கு நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு முன்வரலாறு அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இருக்கிறது. டெட்ராய்ட் நகரில் 1959இல் பெரி கோர்டி தொடங்கிய மோட்டவுன் நிறுவனம், 1962இன் இறுதி மாதங்களில் தன் இளம் கலைஞர்களை ஒரே பேருந்தில் ஏற்றி ‘மோட்டார்டவுன் ரெவ்யூ’ என்ற பயணத்துக்கு அனுப்பியது. மேரி வெல்ஸ், மார்வின் கே, சுப்ரீம்ஸ் குழுவினர், அப்போது சிறுவனாக இருந்த ஸ்டீவி வொண்டர் ஆகியோர் அந்தப் பயணங்களில் பாடியவர்கள். அவர்களுள் பலர் அன்று அறிமுக நிலையில் இருந்தவர்கள். நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த தென் மாநிலங்களிலும் அவர்கள் பாடினார்கள். பெட்ரோல் நிலையங்களில் கழிப்பறை மறுக்கப்பட்டது. அரங்குகளில் கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே பிரித்து நிறுத்தப்பட்டனர். அலபாமாவின் பர்மிங்காமில் தங்கள் பேருந்து சுடப்பட்டதை அக்கலைஞர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

பாடல் விற்பனைக்காகத் தொடங்கிய பயணம், யார் எங்கு நிற்கலாம், யாருடன் சேர்ந்து ஆடலாம் என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாமல் எழுப்பியது. நடுவில் கட்டப்பட்ட கயிற்றுக்கு இரு புறமும் நின்றவர்கள் ஒரே தாளத்துக்கு ஆடியதே அந்தப் பிரிவினையின் அபத்தத்தை வெளிச்சமிட்டது.

அதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மோட்டவுன் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான நிறுவனம். ஆயினும் அதன் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த ‘ஃபங்க் பிரதர்ஸ்’ இசைஞர்களின் பெயர்கள் பல ஆண்டுகள் இசைத்தட்டு உறைகளில் அச்சாகவில்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் அவர்களுக்கு உரிய குறிப்பு கிடைத்தது. நிறுவனம் நம்மவருடையதாக இருப்பது மட்டும் போதாது. பெயரும் பங்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் நடன இசையின் முக்கிய வடிவமான டெக்னோவும் அதே டெட்ராய்ட் வட்டாரத்தில் பிறந்தது. 1980களில் அதை வடிவமைத்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரும் கறுப்பின இளைஞர்கள். 1988இல் பிரிட்டனில் வெளியான தொகுப்பு ஒன்றின் வழியாக அந்த இசை ஐரோப்பாவை அடைந்தது. பின்னர் அது பெரும் விழாக்களின் வணிகமாக வளர்ந்தபோது, அதன் முகமாகப் பெரும்பாலும் வெள்ளையர்களே முன்னிறுத்தப்பட்டனர். இதை உணர்ந்து டெட்ராய்ட்டிலேயே உருவான ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ குழு, தன் இசையைத் தானே வெளியிட்டுத் தானே விநியோகிக்கும் அமைப்பை உருவாக்கிக்கொண்டது.

ஏழு நொடிகளின் கதை

எலக்ட்ரானிக் இசையின் உரிமைச் சிக்கலைப் புரிந்துகொள்ள ‘சாம்பிள்’ என்ற ஒன்றை அறிய வேண்டும். ஏற்கெனவே பதிவான ஓர் ஒலித்துண்டை வெட்டி எடுத்து, வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ, திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன் மேல் புதிய இசையைக் கட்டுவதே சாம்பிள் முறை.

1969இல் வாஷிங்டனைச் சேர்ந்த ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழு ‘ஆமென், பிரதர்’ என்ற பாடலைப் பதிவு செய்தது. அதில் கிரெகரி கோல்மன் என்ற கறுப்பின டிரம் கலைஞர் ஏறத்தாழ ஏழு நொடிகள் தனித்து வாசித்தார். அந்த ஏழு நொடிகள் பின்னாளில் ஹிப்ஹாப் பாடல்களிலும், பிரிட்டனில் தோன்றிய ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் வகை இசையிலும் ஆயிரக்கணக்கான முறை எடுத்தாளப்பட்டன. ஓர் இசை வகையின் முதுகெலும்பே அந்தத் துண்டுதான். கோல்மனுக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. அவர் 2006இல், தங்க வீடில்லாத வறுமையில் இறந்தார். 2015இல் இசை ஆர்வலர்கள் இணையத்தில் திரட்டிய 24,000 பவுண்டு குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குச் சென்றது. அதைக் காண கோல்மன் உயிரோடு இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருவிழாவிலோ, சாவு வீட்டிலோ, ஒரு கலைக்குழுவின் பயிற்சியிலோ பறையடியைப் பதிவு செய்யும் ஒருவர் அதை வெட்டி, சுத்தம் செய்து, ‘தமிழ் நாட்டுப்புறத் தாளம்’ என்று பெயரிட்டு மென்பொருளுக்குள் போட்டுவிட முடியும். பின்னர் அது விளம்பரத்துக்கும் திரைப்படத்துக்கும் நடனக்கூடத்துக்கும் போகும். அடித்தவர் எந்த ஊர், என்ன பெயர், அன்று என்ன கூலி பெற்றார் என்பது அந்தக் கோப்பில் இருக்காது. ‘நாட்டுப்புறம்’ என்ற சொல்லே இங்கு ஒரு திரையாகப் பயன்படுகிறது. ஆசிரியர் இல்லாதது, ஊருக்குப் பொதுவானது என்று சொல்லிவிட்டால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை அல்லவா?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். மரபாக வரும் ஒரு தாள அமைப்புக்குத் தனி உரிமையாளர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தாளத்தை ஒருவர் வாசிக்கும்போது அந்த நிகழ்த்துதலில் அவருக்கு உரிமை பிறக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 38ஆம் பிரிவு இதை நிகழ்த்துநர் உரிமை என்கிறது. அதன் காலம் 50 ஆண்டுகள். பாடகர், இசைஞர், ஆடுநர் என அனைவரும் இச்சட்டத்தின்படி நிகழ்த்துநர்களே. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 38ஏ, 38பி என்ற பிரிவுகளைச் சேர்த்தது. முதலாவது, நிகழ்த்துதல் வணிக நோக்கில் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமையைத் தருகிறது. இரண்டாவது, பயன்பாட்டின் தன்மையால் பெயர் குறிப்பிட இயலாத இடங்கள் நீங்கலாக, நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தருகிறது. பறை அடிக்கும் ஒருவர் சட்டத்தின் பார்வையில் மேடைக் கச்சேரி வித்வானுக்குச் சமமான நிகழ்த்துநர். நடைமுறையில் அவர் கையில் ஒப்பந்தத் தாள் தரப்படுவதில்லை என்பதே இடைவெளி.

கருவியிலிருந்து கலைக்கு

பறையின் வரலாறு எளிய பெருமிதக் கதையன்று. சாவுச் செய்தி சொல்லவும், ஊர்ப் பிணத்துக்கு முன் அடிக்கவும், திருவிழாவில் எல்லைக்கு வெளியே நிற்கவும் நம் முன்னோர் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஆகவே பறையடிக்க மறுப்பதும், அதனால் வந்த தாக்குதலையும் ஊர்விலக்கத்தையும் எதிர்கொள்வதும் விடுதலைப் போராட்டத்தின் ஒரு கட்டமாக இருந்தன. பின்னர் அதே கருவியைச் சுயமரியாதையின் குரலாக மாற்றும் முயற்சி எழுந்தது. மதுரையில் தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களும், திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவும் இதில் முன்னோடிகள். சக்தி குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தது, சாதித் தடையோடு ஆண்களுக்கே உரியது என்ற தடையையும் உடைத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது, அந்த நீண்ட பயணம் அரசின் காதையும் எட்டியதைக் காட்டுகிறது.

இந்த இரு கட்டங்களையும் அறியாமல் பறையை வெறும் ‘பீட்’ ஆகக் கையாளும்போது, மறுப்பின் வலியும் மீட்பின் உழைப்பும் அழிந்துபோகின்றன. எலக்ட்ரானிக் இசையில் பறை சேரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. அது சேர வேண்டும். அடித்தவரோடு சேர வேண்டும்.

அவ்வாறு சேர்ந்ததற்கு இந்தியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பஞ்சாபின் மான்சா மாவட்டம், புர்ஜ் ஜப்பர் ஊரைச் சேர்ந்த நிலமற்ற தலித் தொழிலாளியும் பாடகருமான பந்த் சிங், தம் மகளுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைக்கு நீதிமன்றம் வரை சென்று தண்டனை பெற்றுத் தந்தவர். அதற்குப் பழிவாங்க 2006 ஜனவரியில் ஆதிக்க சாதியினர் அவரைத் தாக்கினர். இரு கைகளையும் ஒரு காலையும் அவர் இழந்தார்; பாடுவதை நிறுத்தவில்லை. ‘வேர்ட் சவுண்ட் பவர்’ என்ற பெயரில் இயங்கிய டெல்லி சுல்தனேட், கிறிஸ் மெக்கின்னஸ் உள்ளிட்ட இசைத் தயாரிப்பாளர்கள் அவரிடம் பயணம் சென்று, அவர் பாடலைப் பதிவு செய்து, எலக்ட்ரானிக் இசையோடு ‘பந்த் சிங் புராஜெக்ட்’ என அவர் பெயரிலேயே வெளியிட்டனர். வண்டி பாடகரைத் தேடிப் போனது. ஆல்பம் அவர் பெயரைத் தாங்கியது. சாம்பிள் எடுப்பதற்கும் சேர்ந்து படைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தமிழகத்தில் கூடிய குரல்கள்

தமிழகத்தில் இத்திசையில் பெரும் திருப்பம் 2018 ஜனவரி 6 அன்று நிகழ்ந்தது. சென்னை கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைத் தயாரிப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர் பெற்ற அக்குழுவில் 19 பேர் இருந்தனர். கானா, ராப், ராக், பறை ஆகியவை ஒரே மேடையில் நின்றன. இடஒதுக்கீடும் ஆணவக்கொலையும் மாட்டுக்கறியும் பாடுபொருள்களாயின. அம்மேடையில் அறிமுகமான கானா பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். பாடலாசிரியரும் ராப் கலைஞருமான அறிவு, இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து 2019இல் ‘தெருக்குரல்’ ஆல்பத்தை வெளியிட்டார். மடிக்கணினி இசையும் அரசியல் சொல்லும் சம பங்காளிகளாகச் சந்தித்த ஆல்பம் அது.

2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, சபாக்களின் மாதத்திலேயே மக்கள் கலைஞர்களுக்கு மேடை அமைத்தது. 2021இல் அது மதுரை, கோயம்புத்தூர், சென்னை என மூன்று நகரங்களுக்கு விரிந்தது. பல குழுக்கள் ஒரே பெயரின்கீழ் ஊர் மாறிச் சென்று நிகழ்த்தும் இந்த முறை, நாம் பேசும் இணைந்த பயணத்துக்குத் தமிழகத்தில் மிக அருகில் நிற்கும் வடிவம். கொங்கு மண்ணுக்கு அது வந்ததன் பொருளைக் கோயம்புத்தூரோடு முடித்துக்கொள்ளக் கூடாது.

இந்த வளர்ச்சியோடு சேர்த்தே ‘என்ஜாயி எஞ்சாமி’ பாடல் கற்பித்த பாடத்தையும் படிக்க வேண்டும். 2021 மார்ச் 7 அன்று மாஜா நிறுவனத்தின் வழியாக வெளியான அப்பாடலை தீயும் அறிவும் பாடினர். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு அதன் வேர்களுள் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அப்பாடலை முன்னிட்டுப் பிறர் இடம்பெற, அறிவு இடம்பெறவில்லை. அவர் மீண்டும் மறைக்கப்படுகிறார் என பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் அறிவின் படத்தோடு இணைய அட்டை ஒன்று வெளிவந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் நிகழ்த்தப்பட்டபோதும் அறிவு மேடையில் இல்லை. பாடல் உருவானதில் தம் பங்கு குறித்து அவர் எழுத, தீயும் சந்தோஷ் நாராயணனும் தம் தரப்பை அறிக்கைகளாக வெளியிட்டனர். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாடலிலிருந்து தமக்கு வருமானமே வரவில்லை என்று அறிவித்தார்.

யார் தரப்பு சரி என்று தீர்ப்பளிப்பது இங்கு நம் நோக்கமன்று. கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட ஒரு பாடலில் யார் என்ன செய்தார், யாருக்கு என்ன பங்கு, யார் மேடையேற வேண்டும் என்பது பொதுவெளியில் இவ்வளவு விவாதமாயிற்று. புகழ்பெற்றவர்களுக்கே இந்நிலை என்றால், பெயர் தெரியாத பறை இசைஞருக்கு என்ன கிடைக்கும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

கொங்கில் ஒரு திடல் என்பதன் பொருள்

கொங்கு வட்டாரத்துக்கு இசைப் பஞ்சம் இல்லை. கோயம்புத்தூர், திருப்பூர் பகுதித் திருவிழாக்களில் ஜமாப் அதிர்கிறது. அருந்ததியர் குடியிருப்புகளில் தப்பட்டை வாழ்கிறது. கல்லூரி விழாக்களில் டிஜேக்கள் இசைக்கிறார்கள். குறைவது, இவர்கள் அனைவரும் சம தகுதியோடு நிற்கும் மேடையும், பார்ப்பவர்கள் சாதி கேட்கப்படாமல் கலந்து நிற்கும் திடலும்தான். கோயில் திருவிழாவில் யார் எங்கு நிற்பது என்பதைச் சாதி முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. இசை நிகழ்ச்சித் திடலுக்கு அப்படி வகுக்கப்பட்ட இடங்கள் இல்லை. அதனாலேயே அது ஆதிக்கத்துக்கு உறுத்துகிறது.

இது மிகைப்படுத்தல் என்று தோன்றினால், இரண்டு பெயர்களை நினைவில் கொள்வோம். பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். ஆதிக்க சாதியைச் சேர்ந்த தோழியுடன் பேசிக்கொண்டிருந்ததே அவர் செய்த ‘குற்றம்’. அவ்வழக்கில் யுவராஜ் உள்ளிட்டோருக்கு 2022இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பொறியியல் மாணவர் சங்கர் 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், மனைவி கௌசல்யாவின் கண்முன் வெட்டிக் கொல்லப்பட்டார். இருவரும் கல்லூரிகளில் பயின்ற தலைமுறையினர். இளைஞர்கள் சாதி கடந்து ஓரிடத்தில் கூடிப் பேசுவதே உயிரைக் கேட்கும் வட்டாரத்தில், இருநூறு பேர் ஒரே தாளத்துக்குக் கூடி ஆடும் மாலை சிறிய செய்தி ஆகாது.

அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் குறிப்பிட்டு, அங்கு சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது 15(2) கூறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் வழி வந்த 3(1)(இசட்ஏ) உட்பிரிவு, பொது இடங்களையும் பொதுக் கேளிக்கை இடங்களையும் பட்டியல் சாதியினர் பயன்படுத்துவதைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. பள்ளி, கோயில், கிணறு என்ற வரிசையில் ஆடும் திடலும் உரிமைக்குரிய இடமே.

நடைமுறைத் தடை வேறொரு வழியாக வருகிறது. அதன் பெயர் அனுமதி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அனைவருக்கும் பொதுவானவை. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு நீதிமன்றங்கள் வழக்கமாக விதிக்கும் நிபந்தனைகளுள், கட்சியையோ மதத்தையோ சாதியையோ தொடும் பாடல் இடம்பெறக் கூடாது என்பதும் ஒன்று. சாதிப் பெருமைப் பாடல்களால் மோதல் மூளுவதைத் தடுப்பதே அதன் நோக்கம் என்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் சாதியைப் போற்றும் பாடலையும் சாதியை எதிர்க்கும் பாடலையும் ஒரே தட்டில் வைக்க அந்தச் சொற்கள் இடம் தருகின்றன. விண்ணப்பிக்கும்போதே இவ்வேறுபாட்டை எழுத்தில் விளக்குவதும், மறுப்பு வந்தால் அதை எழுத்தில் கேட்டுப் பெறுவதும் ஏற்பாட்டாளர்களின் முதல் வேலையாக வேண்டும்.

பயணம் புறப்படும் முன்

இனி இளம் புரொடியூசர்கள் சேர்ந்து கொங்கு வட்டாரத்துக்குப் புறப்பட்டால், அந்தப் பயணம் எவ்வாறு அமைய வேண்டும்?

வண்டி ஏறும் முன்பே ஒரு தாள் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு பாடலிலும் பாடியவர், எழுதியவர், தாளம் வாசித்தவர், கலவை செய்தவர் யார் என்பதும், இணையத் தளங்களின் வருமானம் எவ்விகிதத்தில் பிரியும் என்பதும் அதில் இருக்க வேண்டும். நண்பர்களுக்குள் ஒப்பந்தம் எதற்கு என்ற கேள்வி வரும். பாடல் யாருக்கும் தெரியாமல் இருக்கும்வரை நட்பு போதும். அது பரவிய நாளிலிருந்து தாள் மட்டுமே பேசும். பாடலைத் தளத்தில் ஏற்றும்போது நிரப்பப்படும் விவரங்களில் பறை இசைஞரின் முழுப் பெயரும் சேர வேண்டும். அன்றைய கூலியோடு, பதிவு பின்னர் பயன்படும்போதெல்லாம் பங்கு உண்டு என்பதும் சேர வேண்டும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஐபிஆர்எஸ் எனப்படும் பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராவது நல்லது. படைப்பாளர் தம் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி 2012 திருத்தம் காத்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பை அறியாமல் கையெழுத்திடுவோரே மிகுதி.

நிறுத்தங்களின் பட்டியலையும் மாற்ற வேண்டும். கோயம்புத்தூருக்குச் செல்லும் வண்டி பெருந்துறையில் ஒரு மாலை நிற்பதற்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகாது. அது அதே சாலையில்தான் இருக்கிறது. தேவைப்படுவது உள்ளூர் மாணவர் அமைப்பு, தொழிற்சங்கம், வாசகர் வட்டம் ஆகியவற்றில் ஒன்று முன்வந்து இடம் பிடிப்பதே. பகல் பணிநேரம் முடிந்து வரும் தொழிலாளர்களுக்கு ஏற்ற நேரமும், மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணமும், பெண்கள் அச்சமின்றி வந்து திரும்பும் ஏற்பாடும் இருந்தால் கூட்டம் வரும். ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர் தப்பட்டைக் குழுவோ ஜமாப் குழுவோ பயணக் குழுவினரோடு சமமாக, சுவரொட்டியில் அதே அளவு எழுத்தில், மேடையேற வேண்டும். வரவேற்பு ஊர்வலத்தில் அடித்துவிட்டு மேடைக்குக் கீழே நிற்கும் பழைய முறையை இங்கும் தொடர்ந்தால், புதிய கருவிகளால் பழைய ஊரையே கட்டியவர்கள் ஆவோம்.

கல்லூரி மாணவர்களுக்கு இன்னும் அருகில் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கலை விழாவுக்கு டிஜேவை அழைக்கும் குழுவில் நீங்கள் இருந்தால், அவர் ஒலிக்கவிடும் பறை யார் அடித்தது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், அடிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் கல்லூரிச் சுவருக்கு மறுபுறம் இருக்கும் காலனியிலேயே இருக்கலாம். அவர்களை அழையுங்கள், டிஜேவுக்குத் தரும் அதே மரியாதையோடு, எழுதிய ஒப்பந்தத்தோடு, வாயில் வழியாக அழையுங்கள்.